யாப்புப் பயிற்சி வகுப்பு: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொதுக்குழு உறுப்பினர்களே, வணக்கம்.

சென்ற பொதுக்குழுவின் தீர்மானப்படி, இந்த ஆண்டு யாப்பு வகுப்பு வெண்பா ஒன்றையே எடுத்துக்கொண்டது. நான்கு பாவையும் தாழிசை, துறை, விருத்தம் ஆகிய இனங்களையும் ஓராண்டுக்குள் ஓட்டிவிட்டால் பெயர்கள் மனப்பாடமாகும். ஒரு செய்யுளும் கைக்கு வராது. தளை என்பது அடியின் உறுப்பாகிய சீர் ஒன்று அடுத்த சீரோடு இணையும் முறை. வெண்பாவில் வெண்டளை தவிரப் பிற தளைக்கு இடமில்லை. அதனால் பிழை எந்த இடத்தில் என்று விரல் வைத்துக் காட்டலாம். கற்பவருக்கு இதைவிட நல்ல ஆசான் கிடையாது.

முதலில் அலகிடும் பயிற்சி, அதாவது சீரை நேர், நிரை என்னும் அசைகளாகப் பிரிப்பது. குறிலோ நெடிலோ, தனித்தோ ஒற்றடுத்தோ வந்தால் நேர். குறிலிணையோ குறில்நெடிலோ, தனித்தோ ஒற்றடுத்தோ வந்தால் நிரை. புதியவர்கள் பெரும்பாலும் 'வருவான்' என்பதை வ/ரு/வான் என்று பிரிக்கிறார்கள். சீரின் முதலில் நிற்கும் குறில், அடுத்து உயிர்மெய் வந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளும்; ஆகவே வரு/வான், நிரை நேர்; இந்த அமைப்பைக் குறிக்கும் வாய்பாடு புளிமா. இந்த ஓர் இடம் தெளிந்துவிட்டால் பாதிப் பிழை போய்விடும்.

அலகிடக் கொடுத்த முதற்பாடம் 391ஆம் குறள்:

கற்க கசடறக் கற்பவை கற்றபின்
நிற்க அதற்குத் தக.

கற்/க நேர் நேர், தேமா; கச/டறக் நிரை நிரை, கருவிளம்; கற்/பவை, கற்/றபின் இரண்டும் நேர் நிரை, கூவிளம், நிற்/க தேமா, அதற்/குத் புளிமா, 'தக' நிரையசை, மலர் என்னும் வாய்பாடு. இனி வெண்டளை: மா (நேரில் முடியும் ஈரசைச் சீர்) முன், அதாவது அதை அடுத்து, நிரை; விளம் (நிரையில் முடியும் ஈரசைச் சீர்) முன் நேர்; காய் (நேரில் முடியும் மூவசைச் சீர்) முன் நேர். தேமாவுக்குப் பின் 'கச' நிரை. கருவிளத்துக்குப் பின் 'கற்' நேர். முதலடியின் கடைசிச் சீரான 'கற்றபின்' விளம். இரண்டாம் அடி 'நிற்' என்று நேரில் தொடங்குகிறது. அடி முடிந்தாலும் தளை முடிவதில்லை. பயிற்சித் தாள்களில் அதிகம் தவறிய இடம் இதுதான். நான்கடி நேரிசை வெண்பாவில், இரண்டாம் அடியின் கடைசிச் சீரான தனிச்சொல்லும் மூன்றாம் அடியின் முதற்சீரும் சேரும் இடத்திலும் இதே கவனம் வேண்டும்.

தளை தட்டினால் உடனே 'தான்', 'அந்தோ' என்று எதையாவது செருகுவதை வகுப்பில் ஏற்கவில்லை. 'நல்ல பாடல்' என்றால் மா முன் நேர், ஆசிரியப்பாவுக்கு உரிய ஆசிரியத்தளை வந்துவிடும். 'நல்ல கவிதை' என்று மாற்றினால் மா முன் நிரை. பாடல் என்றே வேண்டுமானால் 'நல்லதோர் பாடல்', விளம் முன் நேர். பொருள் கெடாமல் சொல்லை மாற்றத் தெரிவதே இந்தப் பயிற்சியின் உயிர். இலக்கணம் சரியாக இருந்தும் சக்கைச் சொல் நிறைந்த வெண்பாக்களைத் திருத்தத்துக்குத் திருப்பிக் கொடுத்தோம். அந்தக் கண்டிப்பு தொடர வேண்டும்.

புணர்ச்சியும் ஐகாரமும் தனிப் பாடம் கேட்டன. 'பாட்டு எழுது' என்று பிரித்து எழுதித் தேமா, புளிமா என்று கணக்கிடுகிறார்கள். செய்யுளில் அது 'பாட்டெழுது', பாட்/டெழு/து, கூவிளங்காய். அடுத்த சீர் நேரில் தொடங்கியாக வேண்டும். 'வாழையடி' என்பதை வா/ழை/யடி என்று பிரித்தால் தேமாங்கனி. நிரையில் முடியும் மூவசைச் சீரான கனிச்சீர் வெண்பாவில் வராது. சொல்லின் இடையில் ஐகாரம் குறுகுவதால் அதைக் குறிலாகக் கொண்டு வா/ழைய/டி என்றால் கூவிளங்காய், வெண்பாவுக்குப் பொருந்தும்.

எழுதும்போது ஈற்றடியிலிருந்து தொடங்கச் சொல்கிறோம். அதில் மூன்றே சீர். கடைசிச் சீர் நாள் (தனி நேர்), மலர் (தனி நிரை), காசு (நேரோடு உகரம்), பிறப்பு (நிரையோடு உகரம்) இவற்றுள் ஒன்றாக வேண்டும். 'பாட்டு' காசு, 'எழுத்து' பிறப்பு. 'பாடல்' தேமாவாகிவிடுவதால் அங்கே நிற்காது. மேலிருந்து எழுதி வருபவர்கள் சொல்ல வந்ததை மூன்றாம் அடியிலேயே செலவழித்துவிட்டு, ஈற்றடியை ஒப்புக்கு நிரப்புகிறார்கள். ஈற்றடியை எழுதியபின் தனிச்சொல்லை எழுதச் சொல்கிறோம். முதல் இரண்டடிகளின் எதுகையை அதுவே தீர்மானிக்கும்.

எதுகைக்கு இரண்டாம் எழுத்து ஒன்றினால் மட்டும் போதாது, முதலெழுத்தின் அளவும் ஒக்க வேண்டும். 'பாடம்', 'படம்' எதுகையாகா. 'பாடம்', 'மாடம்' ஆகும். மோனையை (முதலெழுத்து ஒத்து வருவதை) ஒன்றாம் சீரிலும் மூன்றாம் சீரிலும் வைத்தால் ஓசை நன்றாக எடுக்கும்.

அணியில் உவமையும் உருவகமும் மட்டும் நடந்தன. 'மலர்முகம்' உவமை, 'முகமலர்' உருவகம் என்ற அளவில் தெளிவு வந்திருக்கிறது.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வைப்பார்.

வரும் ஆண்டுக்கு நேரிசை ஆசிரியப்பாவைப் பரிந்துரைக்கிறேன். அடிதோறும் நான்கு சீர், ஈற்றயலடியில் (கடைசி அடிக்கு முந்தைய அடியில்) மட்டும் மூன்று, ஏகாரத்தில் முடிவு. ஆசிரியத்தளை மிகுந்து வரும், பிற தளையும் விரவலாம். வெண்டளையில் பழகிய கைக்கு இந்தத் தளர்வு முதலில் தடுமாற்றம் தரும் என்பதால், அலகிடும் பயிற்சியை ஆண்டு முழுவதும் விடாமல் நடத்தவும், கரும்பலகை ஒன்று கூடுதலாக வாங்கவும் பொதுக்குழுவின் ஒப்புதலைக் கோருகிறேன்.

செயலாளர்