வேப்பங்கொட்டை எப்போது நஞ்சானது?

ஆசிரியர் அவர்கட்கு,

சென்ற இதழின் வீடு, வளவு பக்கத்தில், ஆஷ் மரங்களைக் கொல்லும் வண்டுக்கு எதிராக மரத்துக்குப் போடும் ஊசிமருந்தைப் பற்றி ஒரு வரி: "ஆஷ் மரத்துக்கு ஊசி போடுவது காசைக் கரியாக்கும் வேலை, மண்ணுக்குள் நஞ்சைத்தான் இறக்குகிறார்கள். வெட்டிவிட்டால் தொல்லை விட்டது." எழுதியவர் வீடு விற்பனை முகவர் என்பதும், அதே பக்கத்தின் கீழ்ப்பாதியில் அவருடைய விளம்பரப் படம் சிரித்துக்கொண்டிருப்பதும் தற்செயல் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

அந்த நஞ்சு எதிலிருந்து வருகிறது என்பது தாங்கள் அறியாததல்ல. வேப்பங்கொட்டையிலிருந்து. அதிலுள்ள அசாடிராக்டினைப் பிரித்தெடுத்து ட்ரீஅசின் என்று விற்கிறார்கள். மண்ணில் ஊற்றுவதுமில்லை. அடிமரத்தில் சிறு துளைகள் இட்டுச் செலுத்துகிறார்கள். மரமே அதை மேலே இழுத்துக்கொள்கிறது. பட்டைக்கடியில் தின்னும் புழு வளராமல் சாகிறது. ஊரில் விவசாயப் போதனாசிரியராக இருந்தவன் நான். பொருளாதாரத் தடைக் காலத்தில் பூச்சிமருந்து வன்னிக்கு வராதபோது, வேப்பங்கொட்டையை இடித்து, இரவு ஊறவைத்து, வடித்து மிளகாய்க்கும் கத்தரிக்கும் அடிக்கச் சொல்லிக்கொடுத்தோம். தோட்டமும் பிழைத்தது, அடித்தவர்களும் பிழைத்தார்கள். அதே சரக்கு கனடாவில் போத்தலுக்குள் போனதும் நஞ்சாகிவிட்டதாக்கும்.

போகட்டும், பூச்சியைப் பற்றியாவது இரண்டு வரி எழுதியிருக்கலாமே. ஆசியாவிலிருந்து சரக்குப் பெட்டிகளின் மரப்பலகையோடு வந்ததாகக் கருதப்படும் மரகதப் பச்சை வண்டு அது. 2002 இல் டிற்றோயிற்றிலும் வின்ட்சரிலும் கண்டுபிடித்தார்கள். 2007 இல் ரொறன்ரோவில். அப்போது இந்த நகரத்தில் நின்ற ஆஷ் மரங்கள் ஏறத்தாழ 8,60,000. பெரும்பாலானவை இன்றில்லை. எல்ம் மரங்கள் நோயில் செத்தபோது அந்த வெற்றிடங்களில் ஆஷை வரிசை வரிசையாக நட்ட புத்திசாலித்தனத்துக்கு மாநகரசபைக்கும் ஒரு மாலை போடலாம். தெருவோரத்தில் தெரிந்தெடுத்த மரங்களுக்குச் சபை ஊசி போட்டது உண்மைதான். சொந்த வளவில் நிற்பதற்கு நாங்கள்தான் காசு கட்டவேண்டும், அதுவும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. நான் கட்டுகிறேன். என் மரம் நிற்கிறது. எதிர்வீட்டில் ஊசி போடாமல் விட்ட மரத்தின் அடிக்கட்டைதான் மிச்சம்.

சென்ற கோடையில் மரம் வெட்டும் கம்பனிக்காரர் ஒருவர் கதவைத் தட்டி, "ஐயா, இது செத்த மரம், இந்தக் கிழமையே இறக்கினால் மலிவாய்ச் செய்து தாறன்" என்றார். உச்சிவரை இலை மூடி நின்ற மரம்! என் நரையைப் பார்த்துத்தான் படியேறியிருக்க வேண்டும். பக்கத்து வீட்டுத் தம்பியும் விடாமல் சொல்கிறார், "வெட்டுங்கோ அண்ணை, இலை குப்பை." அவர் முன்வளவு முழுவதும் கொங்கிறீற் போட்டு நாலு கார் விடுகிறார். வெயில் ஏறினால் நாலில் ஒன்று என் மரத்து நிழலில்தான் நிற்கும்.

"வெட்டிவிட்டால் தொல்லை விட்டது" என்கிற உங்கள் எழுத்தாளருக்கு இன்னொன்று. ரொறன்ரோவில் 30 சென்ரிமீற்றரோ அதற்கு மேலோ விட்டமுள்ள மரத்தைச் சொந்த வளவிலும் மாநகரசபையைக் கேட்காமல் வெட்டமுடியாது. அவரை நம்பி வாளெடுத்த வாசகருக்குத் தண்டம் வந்தால் அவர் கட்டுவாரா, தாங்கள் கட்டுவீர்களா?

கோடை ஒன்றுகூடல்களுக்கு வீட்டு விறகை வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு முந்நூறு கிலோமீற்றர் ஓடும் எங்கள் ஊர்ச்சங்கங்களைப் பற்றியும் முன்பொரு கடிதம் எழுதினேன். புழு விறகுக்குள் இருந்தே பயணம் போகும், விறகை இடம்மாற்றாதீர்கள் என்று அரசாங்கம் எத்தனை வருடமாகத் தலையிலடித்துக்கொள்கிறது. என் கடிதம் 'இடப்பற்றாக்குறையால்' வரவில்லை. அந்த இதழில் ராசிபலன் மட்டும் இரண்டு பக்கம். இலவசப் பத்திரிகைக்கு விளம்பரந்தான் சோறு, அது எனக்கும் விளங்கும். ஆனால் சோறு போடுகிறவருக்கே பேனாவையும் கொடுக்கவேண்டுமா?

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு பத்தி இடம். அதில், உச்சிக் கிளைகள் காய்வது, அடிமரத்தில் புதுக்குருத்து வெடிப்பது, மரங்கொத்தி பட்டையைக் கிழிப்பது, ஆங்கில D எழுத்தைப்போல் ஒரு பக்கம் தட்டையான நாலு மில்லிமீற்றர்த் துளை, இவைதான் அடையாளங்கள் என்று போடுங்கள். இலைப்பரப்பில் மூன்றிலொன்று போனபின் ஊசியால் பயன் குறைவு, முந்தவேண்டும் என்றும், தெருமரமானால் மாநகரசபையின் 311 தொலைபேசி இலக்கத்தை அழைக்கலாம் என்றும் சேருங்கள். ஊசிக்குரிய காலம் ஜூன் முதல் ஓகஸ்ட் வரை என்பதால் மே இதழிலேயே வந்தால் நல்லது. இடம் போதாவிட்டால் ஒரு ராசியை விட்டுவிடலாம். என்னுடையது கன்னி, ஆட்சேபணை இல்லை.

இப்படிக்கு,
முதல் இதழிலிருந்து வாசித்துவரும்
ஓய்வுபெற்ற விவசாயப் போதனாசிரியர்,
ஸ்காபரோ