இளையோர் அணி சதுரங்கப் போட்டி: பெற்றோர்களுக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். வரும் சனி, ஞாயிறு ஆகிய இரு நாள்களும் மாவட்டத் தலைநகரில் நடைபெறவுள்ள, பள்ளிகளும் சதுரங்க மன்றங்களும் ஒருங்கே பங்குபெறும் 15 வயதுக்குட்பட்ட இளையோருக்கான அணிப் போட்டியில் நமது பள்ளியின் சார்பில் இரண்டு அணிகள் களமிறங்குகின்றன என்பதை மகிழ்ச்சியோடு தெரிவித்துக்கொள்கிறேன். ஓர் அணிக்கு நான்கு ஆட்டக்காரர்கள், ஒரு மாற்று ஆட்டக்காரர் என்ற கணக்கில், ஆறாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை படிக்கும் பத்து மாணவ மாணவியர் தேர்வாகியுள்ளனர். பட்டியல் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டதிலிருந்து பெற்றோர் பலர் நேரிலும் தொலைபேசியிலும் என்னிடம் கேட்டவை பெரும்பாலும் ஒரே கேள்வியின் வெவ்வேறு வடிவங்கள்தாம். "என் மகனை ஏன் மூன்றாம் பலகையில் போட்டிருக்கிறீர்கள்?", "நான்காம் பலகை என்றால் கடைசி ஆள்தானே?", "மாற்று ஆட்டக்காரர் என்றால் சும்மா உட்கார்ந்துவிட்டு வரவேண்டியதுதானா?" என்பவை அவை. இவை நியாயமான கேள்விகள். ஒவ்வொருவருக்கும் அவசரமாக இரண்டு வரி சொல்லி அனுப்புவதைவிட எல்லோருக்கும் சேர்த்து விளக்கமாக எழுதுவதே முறை என்று கருதி இக்கடிதத்தை எழுதுகிறேன்.

நம் பிள்ளைகள் இதுவரை கலந்துகொண்டவை தனிநபர் போட்டிகள். அணிப் போட்டியின் கணக்கு வேறு. ஒரு சுற்றில் இரண்டு அணிகள் எதிரெதிரே நான்கு பலகைகளில் அமர்கின்றன. பட்டியலில் முதலில் பெயர் வரும் அணிக்கு ஒன்றாம், மூன்றாம் பலகைகளில் வெள்ளைக் காய்களும், இரண்டாம், நான்காம் பலகைகளில் கறுப்புக் காய்களும் கிடைக்கும். நான்கு ஆட்டங்களின் புள்ளிகளையும் (வெற்றிக்கு 1, சமனுக்கு அரை) கூட்டி, இரண்டுக்கு மேல் எடுத்த அணி அந்தச் சுற்றை வென்றதாக அறிவிக்கப்படும். வென்ற அணிக்கு 2 அணிப்புள்ளி, சமனானால் இரு அணிகளுக்கும் தலா 1. இதில் பெற்றோர் கவனிக்க வேண்டியது, 4–0 என்று வென்றாலும் 2½–1½ என்று வென்றாலும் கிடைப்பது அதே 2 அணிப்புள்ளிதான் என்பது. முதல் பலகையில் கிடைக்கும் அரைப் புள்ளிக்கும் நான்காம் பலகையில் கிடைக்கும் அரைப் புள்ளிக்கும் எள்ளளவும் வேறுபாடு கிடையாது.

பலகை வரிசை போட்டி தொடங்கும் முன்பே எழுதிக் கொடுக்கப்படுவது; நடுவில் மாற்ற முடியாது. முதல் பலகைக்காரர் ஒரு சுற்றில் ஓய்வெடுத்தால், இரண்டாமவர் முதல் பலகைக்கும், மூன்றாமவர் இரண்டாம் பலகைக்கும், நான்காமவர் மூன்றாம் பலகைக்கும் நகர, மாற்று ஆட்டக்காரர் நான்காம் பலகையில் அமர்வார். ஆகவே மூன்றாம் பலகைக்கு என்று தேர்வான பிள்ளை, ஏதேனும் ஒரு சுற்றில், எதிரணியின் மிகத் தேர்ந்த ஆட்டக்காரர்களில் ஒருவரைச் சந்திக்கத் தயாராக இருக்கவேண்டும். இந்த வரிசையை நமது உடற்கல்வி ஆசிரியர் வெறும் வெற்றி எண்ணிக்கையை வைத்துப் போடவில்லை. தோற்காமல் தாக்குப்பிடிக்கும் பொறுமை உள்ளவரை முதல் பலகையிலும், வாய்ப்பு வந்தால் விடாமல் வெல்லக்கூடியவரை மூன்றாம் பலகையிலும் வைப்பது அணிப் போட்டிகளில் வழக்கமாகக் கையாளப்படும் முறை. அவர் என்னிடம் அதை விளக்கியபோது நான் முழு மனத்தோடு ஒப்புக்கொண்டேன்.

இதற்கு நாடறிந்த சான்றுகள் உண்டு. 2022-இல் மாமல்லபுரத்தில் நடந்த சதுரங்க ஒலிம்பியாடில் இந்தியாவின் இரண்டாம் அணியில் முதல் பலகையில் குகேஷும் இரண்டாம் பலகையில் நிஹால் சரீனும் ஆட, மூன்றாம் பலகைக்குரியவராக இருந்தவர் நம் பிரக்ஞானந்தா. அதே ஆண்டு பிப்ரவரியில் இணையவழி விரைவு ஆட்டம் ஒன்றில் அப்போதைய உலக சாம்பியன் மேக்னஸ் கார்ல்செனை வீழ்த்தி உலகமே பேசிய பிள்ளை அவர். 2024-இல் புடாபெஸ்டில் இந்திய ஆடவர் அணி முதன்முறையாக ஒலிம்பியாட் தங்கம் வென்றபோது, அன்றைக்கு இந்தியாவிலேயே மிக உயர்ந்த தரவரிசைப் புள்ளி வைத்திருந்த அர்ஜுன் எரிகைசி ஆடியதும் மூன்றாம் பலகையில்தான். 11 ஆட்டங்களில் 10 புள்ளி எடுத்து, அந்தப் பலகைக்கான தனிநபர் தங்கத்தையும் பெற்றார். அவரைக் கீழே இறக்கிவிட்டார்கள் என்று யாரும் சொல்லவில்லை.

மாமல்லபுரத்துப் போட்டியிலிருந்து இன்னொரு நிகழ்ச்சியையும் நம் பிள்ளைகளுக்குப் பயிற்சி வகுப்பில் சொல்லியிருக்கிறோம். நீங்களும் அறிந்திருப்பது நல்லது. தொடக்கத்தில் தொடர்ச்சியாக எட்டு ஆட்டங்களை வென்ற குகேஷ், 10-ஆம் சுற்றில் உஸ்பெகிஸ்தானின் அப்துசத்தோரோவுக்கு எதிராக, தம் கை ஓங்கியிருந்த ஆட்டத்தைத் தவறவிட்டார். அப்போது அவருக்கு வயது 16. ஆனால் அதே சுற்றில் பிரக்ஞானந்தா தம் ஆட்டத்தை வென்றதால் அணிக்கு 2–2 என்ற சமன் கிடைத்தது; மறுநாள் கடைசிச் சுற்றில் ஜெர்மனியை 3–1 என்று வென்று அந்த இளம் அணி வெண்கலம் பெற்றது. தோற்ற பிள்ளையின் புள்ளியைப் பக்கத்துப் பலகைப் பிள்ளை மீட்டுத் தர முடியும் என்பது தனிநபர் போட்டியில் காணக் கிடைக்காத ஒன்று. என் கருத்தில், நம் பிள்ளைகளை இப்போட்டிக்கு அனுப்புவதற்கு இது ஒன்றே போதுமான காரணம்.

கடந்த வெள்ளிக்கிழமை மாலை நூலக அறையில் நமது இரு அணிகளுக்கும் இடையே நடந்த பயிற்சிப் போட்டியில் ஏழாம் வகுப்பு மாணவி ஒருவரின் ஆட்டத்தில் நிகழ்ந்ததை, அவருடைய தாயார் இசைவு தந்திருப்பதால் இங்கே குறிப்பிடுகிறேன். மூன்று ஆட்டங்கள் முடிந்து அந்த மாணவியின் அணி 2–1 என்று முன்னிலையில் இருந்தது. எஞ்சியது நான்காம் பலகை மட்டுமே. அங்கே மாணவியிடம் ஒரு யானையும் மூன்று சிப்பாய்களும், எதிரில் இருந்த மாணவரிடம் ஒரு யானையும் இரண்டு சிப்பாய்களும் இருந்தன; மாணவியின் கடிகாரத்தில் ஒரு நிமிடத்துக்கும் குறைவான நேரமே எஞ்சியிருந்தது. மாணவர் சமன் கேட்டார். மாணவி தலைநிமிர்ந்து ஆசிரியரைப் பார்த்தார். பலகையில் இருந்த நிலையைப் பற்றி ஆசிரியர் ஒரு சொல்லும் பேசவில்லை. "அணிக்கு அரைப் புள்ளி போதும்" என்று மட்டும் சொன்னார். அந்தப் பிள்ளை சிறிது நேரம் தன் கூடுதல் சிப்பாயையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கையை நீட்டினார். அணி 2½–1½ என்று வென்றது. வீட்டுக்குப் போனதும், "ஜெயிக்கிற ஆட்டத்தை ஏன் விட்டுக் கொடுத்தாய்?" என்று தாயார் கேட்டிருக்கிறார், திங்கட்கிழமை என்னிடமும் வந்து கேட்டார். இதே விளக்கத்தை அவரிடம் சொன்னேன். மூன்று பேர் ஏற்கெனவே உழைத்துச் சேர்த்த முன்னிலையை, நேரம் கரைந்துகொண்டிருந்த வேளையில், தன் பெயருக்கு வரக்கூடிய ஒரு வெற்றிக்காகப் பணயம் வைக்காமல் காத்த பிள்ளை அவர். அது விட்டுக்கொடுத்தல் ஆகாது. அணிக்காகச் செய்த கணக்கு. தாயார் அதைப் புரிந்துகொண்டதோடு, மற்றப் பெற்றோருக்கும் இதை எழுதுங்கள் என்று சொன்னார்.

சமன் குறித்து அணித் தலைவராக வரும் ஆசிரியர் சுருக்கமாக ஆலோசனை சொல்லச் சதுரங்க விதிகள் இடம் தருகின்றன. சமன் கேட்கலாம், ஏற்கலாம், ஆட்டத்தை விட்டுவிடலாம் என்ற அளவோடு அது நின்றுவிட வேண்டும். எந்தக் காயை எங்கே வைப்பது என்பதைக் குறிப்பாகக்கூட உணர்த்தக் கூடாது. ஆகவே பெற்றோர் யாரும் சன்னலுக்கு வெளியே நின்று சைகை காட்டுவதோ, கழிவறைக்கு வரும் பிள்ளையிடம் ஆட்டத்தைப் பற்றிப் பேசுவதோ கூடவே கூடாது. பாசத்தால் செய்யும் அத்தகைய செயலுக்கு உங்கள் பிள்ளை மட்டுமல்லாமல் அணியில் உள்ள மற்ற மூவரும் விலை கொடுக்க நேரும்.

மன்றங்களின் அணிகளைப் பற்றியும் சிலர் அச்சம் தெரிவித்தீர்கள். பயிற்சியாளரிடம் ஆண்டுக்கணக்கில் கற்று, பன்னாட்டுத் தரவரிசைப் புள்ளியும் பெற்ற பிள்ளைகள் அந்த அணிகளில் இருப்பார்கள் என்பது உண்மை. நம் பத்துப் பேரில் ஒருவருக்கும் அந்தப் புள்ளி கிடையாது. ஆனால் மன்றங்களைப் போட்டியாளராக மட்டும் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டரான மானுவல் ஆரோனின் முயற்சியால் சென்னையில் சோவியத் பண்பாட்டு மையத்தில் இயங்கிய தால் சதுரங்க மன்றத்தில்தான், தாயாரிடம் ஆட்டத்தைக் கற்ற சிறுவன் விசுவநாதன் ஆனந்த் மேலும் பழகினார். 1988-இல் இந்தியாவின் முதல் கிராண்ட் மாஸ்டரும் ஆனார். பள்ளியும் மன்றமும் ஒரே கூடத்தில் சந்திப்பது நம் பிள்ளைகளுக்குக் கிடைத்தற்கரிய வாய்ப்பு. ஆட்டம் முடிந்தபின் எதிரில் அமர்ந்திருந்தவரோடு சேர்ந்து காய்களை மீண்டும் வைத்துப் பார்த்துப் பேசும் வழக்கம் சதுரங்கத்தில் உண்டு. அந்தப் பதினைந்து நிமிடங்களில் கற்பது பல நேரங்களில் ஒரு மாத வகுப்புக்குச் சமம். நேரம் இருக்கும்போதெல்லாம் அப்படிப் பேசிவிட்டு வரும்படி பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறோம். ஆகவே ஆட்டம் முடிந்தும் உங்கள் பிள்ளை வெளியே வரத் தாமதமானால் பதற வேண்டாம்.

இது தோற்றவர் வெளியேறும் போட்டி அன்று. ஐந்து சுற்றுகளிலும் எல்லா அணிகளும் ஆடும். ஒவ்வொரு சுற்றிலும் ஏறத்தாழச் சமமான புள்ளி பெற்ற அணிகளே எதிரெதிரே வரும். சனிக்கிழமை மூன்று சுற்றுகள், ஞாயிற்றுக்கிழமை இரண்டு. முதல் நாள் மூன்றிலும் தோற்றால்கூட மறுநாள் நம் வலுவுக்கு ஏற்ற அணியோடு நல்ல ஆட்டம் காத்திருக்கும். எனவே, "நேற்றே தோற்றாயிற்று, இன்றைக்கு உறவினர் வீட்டுத் திருமணத்துக்குப் போகலாம்" என்று பிள்ளையை நிறுத்திவிடாதீர்கள். ஓர் இடம் காலியானால் அந்தப் பலகையின் புள்ளி ஆடாமலேயே எதிரணிக்குப் போய்விடும். ஞாயிற்றுக்கிழமை வர இயலாது என்று இப்போதே தெரிந்தால் தயங்காமல் சொல்லுங்கள். அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை, வேறு பிள்ளையைச் சேர்த்துக்கொள்ள நேரம் இருக்கிறது. மாற்று ஆட்டக்காரர்கள் இருவரும் குறைந்தது இரண்டு சுற்றுகளாவது ஆடுவார்கள். அணி எந்த நிலையில் இருந்தாலும் இதில் மாற்றம் இருக்காது என்று உறுதி அளிக்கிறேன்.

ஆட்டக்காரர் ஒவ்வொருவருக்கும் 30 நிமிடமும், ஒவ்வொரு நகர்வுக்கும் 30 வினாடி கூடுதலும் தரப்படும். ஒரு சுற்று ஏறத்தாழ இரண்டு மணி நேரம் நீளலாம். நகர்வுகளைத் தாளில் எழுதவேண்டும் என்பதால் பேனா இரண்டு கொடுத்தனுப்புங்கள். கைபேசியும் ஸ்மார்ட் கடிகாரமும் வீட்டிலேயே இருக்கட்டும். அணைத்துவைத்த கைபேசியானாலும் ஆட்டக் கூடத்தில் பிள்ளையிடம் இருப்பது தெரிந்தால் ஆட்டமே பறிபோகக்கூடும். தொட்ட காயை நகர்த்தியே ஆகவேண்டும் என்ற விதி கண்டிப்பாகக் கடைப்பிடிக்கப்படும். வீட்டில் உங்களோடு ஆடும்போது, "போகட்டும், மாற்றி வை" என்று சலுகை காட்டும் பழக்கத்தை இந்த ஒரு வாரத்துக்காவது நிறுத்திவைத்தால் பேருதவியாக இருக்கும்.

மதிய உணவாக எலுமிச்சைச் சாதம், தயிர் சாதம் போன்றவற்றைக் கட்டிக் கொடுத்தால் நல்லது. வயிற்றைக் கனக்கச் செய்யும் எண்ணெய்ப் பலகாரங்கள் வேண்டாம். வெள்ளிக்கிழமை இரவு விழித்திருந்து பயிற்சி செய்வதைக் காட்டிலும் ஒன்பது மணிக்கே உறங்கச் செல்வதுதான் பிள்ளைகளுக்குப் பயன்படும். ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடையில் அவர்களைச் சந்திக்கும் பெற்றோர், எந்த நகர்வில் தவறு செய்தாய் என்று விசாரிக்காமல் தண்ணீரும் பழமும் கொடுத்துச் சற்று உட்கார வையுங்கள். தவறுகளைத் திங்கட்கிழமை பயிற்சி வகுப்பில் ஆசிரியரோடு நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம்.

நுழைவுக் கட்டணத்தையும் வேன் செலவையும் பெற்றோர் ஆசிரியர் கழகம் ஏற்றுக்கொண்டுள்ளது. அதற்காக யாரும் பணம் தரத் தேவையில்லை. மாணவியர் நால்வர் இருப்பதால் உடற்கல்வி ஆசிரியரோடு கணித ஆசிரியை ஒருவரும் இரு நாள்களும் உடன் வருவார். வேன் பள்ளி வாயிலிலிருந்து காலை 7 மணிக்குப் புறப்படும், மாலை 6.30 மணி அளவில் திரும்பும்போது பிள்ளையை அழைத்துச் செல்ல வீட்டிலிருந்து ஒருவர் கட்டாயம் வந்திருக்க வேண்டும். இத்துடன் இணைத்துள்ள இசைவுப் படிவத்தில் கையொப்பமிட்டு, பிறப்புச் சான்றிதழின் நகலோடு, வியாழக்கிழமை மாலைக்குள் வகுப்பாசிரியரிடம் சேர்ப்பிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். பலகை வரிசை குறித்து இன்னும் ஐயம் உள்ளவர்கள் புதன்கிழமை மாலை 4.30 மணிக்குப் பள்ளிக்கு வந்தால், நானும் உடற்கல்வி ஆசிரியரும் நூலக அறையில் இருப்போம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்