மேரி ஹாலக் ஃபுட்டுக்கு: கடன் போன கடிதங்கள்

அன்புள்ள மேரி ஹாலக் ஃபுட் அம்மையாருக்கு,

அமெரிக்க ஓவியரும் எழுத்தாளருமான நீங்கள் வரைந்த படங்களைப் பத்திரிகைகளிலும் புத்தகங்களிலும் பார்த்தவர்கள் லட்சக்கணக்கானோர். ஆனால் தொடக்க காலத்தில் நீங்கள் கையால் வரைந்ததைப் பார்த்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்தான். மரக்கட்டையில் செதுக்கி அச்சிடும் படங்களுக்கு வரைகிற வேலையே அப்படி. பாக்ஸ்வுட் மரம் பருமனாக வளராது. அதன் குறுக்குவெட்டுத் துண்டுகளைச் சேர்த்து இறுக்கித்தான் ஒரு பக்க அளவுக்குக் கட்டை தயாராகும். அதன் முகத்தில் வெள்ளை பூசி, பென்சிலாலும் தூரிகையாலும் நீங்கள் வரைய வேண்டும், அதுவும் இடம் வலம் மாற்றி. பிறகு செதுக்குபவர் கூர் உளியை எடுத்து, தாளில் வெள்ளையாக விழ வேண்டிய இடங்களையெல்லாம் தோண்டி எறிவார். அவர் வேலை முடியும்போது உங்கள் வேலை மரத்தூளாகிக் கிடக்கும். புகைப்பட முறையில் ஓவியத்தைக் கட்டைக்கு மாற்றும் வழக்கம் பரவிய பிறகுதான் ஓவியர்களின் மூலப்படங்கள் தப்பின.

உங்களுக்கு இந்தக் கலையைக் கற்றுக்கொடுத்தவர்களில் ஒருவரான டபிள்யூ. ஜே. லிண்டன் லேசில் யாரையும் பாராட்டுகிறவர் அல்லர். அவரே பின்னாளில் அமெரிக்க மரச்செதுக்கின் வரலாற்றை எழுதியபோது உங்களை மிக உயர்ந்த இடத்தில் வைத்தார்.

1847-இல் நியூயார்க் மாநிலத்தின் மில்டனில், ஹட்சன் நதிக்கரையில் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தீர்கள். நியூயார்க் நகரில் கூப்பர் யூனியனின் பெண்கள் ஓவியப் பள்ளியில் படித்தீர்கள். அங்கே கிடைத்த தோழி ஹெலினா டி கே. உங்கள் வாழ்க்கையின் திருப்பங்களில் பாதி அந்த நட்பிலிருந்து வந்தவை. லாங்ஃபெல்லோவின் ஒரு நெடுங்கவிதைக்கு நீங்கள் வரைந்த படங்கள் 1874-இல் வெளிவந்தபோது பாஸ்டன் பதிப்பாளர்கள் உங்களைத் தேடி வரத் தொடங்கியிருந்தார்கள். பேர் கிடைத்த சூட்டில், 1876-இல், ஆர்தர் ஃபுட் என்ற சுரங்கப் பொறியாளரை மணந்துகொண்டு கலிஃபோர்னியாவின் நியூ அல்மடேன் பாதரசச் சுரங்கத்துக்குப் போய்விட்டீர்கள்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். ஹாதார்னின் ‘ஸ்கார்லெட் லெட்டர்’ நாவலுக்கான படங்களை நீங்கள் வரைந்தது அந்தச் சுரங்க முகாமில். பதினேழாம் நூற்றாண்டு பாஸ்டனின் பியூரிட்டன் என்ற கண்டிப்பான கிறிஸ்தவப் பிரிவின் பெரியவர்களும், தண்டனையாக மார்பில் சிவப்பு எழுத்தைச் சுமந்து நிற்கும் நாயகி ஹெஸ்டர் பிரினும், பாதரசம் காய்ச்சும் உலைகள் இருந்த ஊரில் உருவானார்கள். கண்டத்தின் ஒரு கோடியில் நீங்கள்; மறுகோடியில் பதிப்பாளர். கருவுற்றிருந்த ஒரு பெண் இந்த ஒப்பந்தத்தை ஏற்றுக்கொண்டு முடித்தும் கொடுத்தார் என்பதை, உங்களைப் பற்றி எழுதுபவர்கள் ஏன் ஒரே வரியில் கடந்துபோகிறார்கள் என்று எனக்குப் புரிவதில்லை.

ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். நியூ அல்மடேனில் இங்கிலாந்தின் கார்ன்வாலிலிருந்து வந்த கார்னிஷ் தொழிலாளர்களுக்கு ஒரு முகாமும் மெக்சிகர்களுக்கு ஒரு முகாமும் தனித்தனியாக இருந்தன. அவர்களை நீங்கள் வரைந்ததிலும் எழுதியதிலும் ஒரு திண்ணைப் பார்வை இருக்கிறது. அழகாகத்தான் இருக்கிறார்கள், ஆனால் எட்டத்தில், மேலாளர் வீட்டு வராந்தாவிலிருந்து தெரிகிற அளவுக்கு மட்டுமே.

கொலராடோவின் லெட்வில், மெக்சிகோவின் மொரேலியா, பிறகு 1884-இல் ஐடஹோவின் பாய்சி. அங்கே உங்கள் கணவருக்கு ஒரு பெருங்கனவு இருந்தது: ஆற்றை மறித்து, கால்வாய் வெட்டி, வறண்ட சமவெளிக்குத் தண்ணீர் கொண்டுபோவது. முதலீட்டாளர்கள் வருவார்கள், கைவிட்டுப் போவார்கள். கால்வாய் அரைகுறையாகக் கிடக்க, வீட்டில் அடுப்பு எரிந்தது உங்கள் படங்களாலும் கதைகளாலும்தான். அவர் தவறாகக் கணக்குப் போடவில்லை, காலத்துக்கு முந்திவிட்டார். பின்னர் அமெரிக்க அரசின் நீர்ப்பாசனத் துறை அந்தச் சமவெளிக்குத் தண்ணீர் கொண்டுவந்தது. ஆனால் வட்டிக்காரர்கள் காலம் கனியும்வரை காத்திருப்பதில்லையே.

அந்த ஆண்டுகளில்தான், 1888-89-இல், ‘செஞ்சுரி’ இதழில் அமெரிக்காவின் மேற்குப் பிரதேசத்தைப் பற்றிய உங்கள் 11 முழுப்பக்கப் படங்கள் வெளிவந்தன. அதே இதழில் 1888-இல் தியடோர் ரூஸ்வெல்ட்டின் பண்ணைக் கட்டுரைகளுக்கு ஃப்ரெடரிக் ரெமிங்டன் படம் போட்டுக்கொண்டிருந்தார்: பாயும் குதிரைகள், சுழலும் கயிறு, புழுதி. உலகம் மேற்கு என்றால் அதைத்தான் நினைத்துக்கொண்டது. உங்கள் ‘குளிர்காலத்தின் வருகை’ படத்தில் துப்பாக்கி இருக்கிறது. ஆனால் அதைப் பிடித்திருப்பவன் வீட்டுக்காரன். பின்னால் மரக்குடிசை வாசலில் குழந்தையை ஏந்தியபடி மனைவி நிற்கிறாள். அந்தக் குடிசையில் குளிர்காலத்தைக் கழிக்க வேண்டியவள் அவள். ரெமிங்டனின் கோடு உங்களுடையதைவிட வேகமானது, மறுக்கவில்லை. ஆனால் அங்கே குடித்தனம் நடத்தியவரின் கண் அவருக்கு இல்லை.

இனி, இந்தக் கடிதத்தை எழுதத் தூண்டிய விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் 1938-இல் மறைந்தீர்கள். ஹெலினாவுக்கு எழுதிய நூற்றுக்கணக்கான கடிதங்கள் தப்பிப் பிழைத்தன. வாலஸ் ஸ்டெக்னர் என்ற நாவலாசிரியர் அவற்றைப் படித்தார். குடும்பத்தினரின் இசைவோடுதான். 1971-இல் அவருடைய ‘ஆங்கிள் ஆஃப் ரிபோஸ்’ நாவல் வெளிவந்தபோது உங்கள் கடிதங்களிலிருந்து நீண்ட பகுதிகள், சூசன் வார்ட் என்ற கற்பனைப் பெண்ணின் கடிதங்களாக, பெரும்பாலும் உங்கள் வாக்கியங்களிலேயே அதில் இருந்தன. உங்கள் பெயர் இல்லை. முன்னோர்களைக் கடன் கொடுத்ததற்கு நன்றி என்று, உங்கள் குடும்பத்தவர் ஒருவரின் பெயரின் முதலெழுத்துகளோடு, ஒரு குறிப்பு மட்டும். கதைக்காக ஆட்களையும் நிகழ்ச்சிகளையும் வளைத்திருப்பதாகவும் அதிலேயே சொன்னார்.

வளைத்ததைப் பற்றித்தான் என் வழக்கு. நாவலின் சூசனுக்கு வேறொருவர்மேல் காதல். அதன் நிழலில் அவள் மகள் ஆக்னஸ் வாய்க்காலில் மூழ்கி இறக்கிறாள். உங்கள் மகளின் பெயரும் ஆக்னஸ்தான். அவள் 1904-இல் கலிஃபோர்னியாவின் கிராஸ் வேலியில், பதின்வயதில், குடல்வால் அறுவை சிகிச்சைக்குப் பின் இறந்தாள். உங்கள் பெயரையும் உங்கள் கணவர் பெயரையும் மாற்றத் தெரிந்தவருக்கு இந்த ஒரு பெயரை மாற்றத் தோன்றவில்லை. அந்தக் கற்பனை மரணத்தின் பழியைக் கற்பனைத் தாயின் தலையில் ஏற்றி, அந்தத் தாயின் வாயில் உங்கள் சொற்களை வைத்தார். நாவல் நன்றாக எழுதப்பட்டது; அதனால்தான் பழி இவ்வளவு ஆழமாக ஒட்டிக்கொண்டது. கடிதங்களைப் பார்க்க அனுமதித்த குடும்பத்தினர், இப்படி ஆகும் என்று எதிர்பார்க்கவில்லை என்று வருந்தினார்கள்.

1972-இல் அந்த நாவலுக்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. அதே ஆண்டில் ஹன்டிங்டன் நூலகம் உங்கள் நினைவுக்குறிப்புகளை ரோட்மன் பால் பதிப்பாசிரியராக இருந்து வெளியிட்டது. நியாயமாக அது முதலில் வந்திருக்க வேண்டும். இன்றும் உங்களைத் தேடி வருபவர்களில் பலர் சூசன் வார்டைத் தாண்டித்தான் வருகிறார்கள். கேட்கிறவர்களிடம் நான் அந்த இரண்டு புத்தகங்களையும் முதலில் தருவதில்லை. 1888, 1889 ‘செஞ்சுரி’ இதழ்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன; அந்தப் 11 படங்களைப் பார்த்துவிட்டு வாருங்கள், மற்றதைப் பிறகு பேசலாம் என்கிறேன்.

அன்புடன்,
உங்கள் வாசகன்