ரூல் புக்கில் இருக்கிறது, பாப்பா

ஈரோடு
வியாழன் இரவு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். உன் நலத்துக்குப் பதில் போடு. போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நீ "சரிப்பா, சரிப்பா, கால் வந்துருச்சு, சைன் ஆன் பண்ணணும்" என்று வைத்துவிடுகிறாய். எனக்கும் காது முன்போல் இல்லை. முப்பத்தைந்து வருஷம் இன்ஜின் சத்தம் தின்றது போக மிச்சம் இருப்பது உன் அம்மா கூப்பிடுவதற்கே பத்தவில்லை. கடிதம் என்றால் ரன்னிங் ரூமில் படுத்துக்கொண்டு நிதானமாகப் படிக்கலாம். உடனே பதில் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் சொல்லு.

தண்ணி குடிக்கிறாயா?

டியூட்டிக்குக் கிளம்புவதற்கு ரொம்ப முன்னாலேயே தண்ணியை நிறுத்திவிடுகிறாய் என்று மாப்பிள்ளை பேச்சுவாக்கில் சொன்னார். குறையாகச் சொல்லவில்லை, அவரைப் பிடித்துத் திட்டாதே. இன்ஜினில் வசதி கிடையாது, கூட்ஸை எந்த ஸ்டேஷன் லூப் லைனில் ஒதுக்கி எத்தனை மணி நேரம் போட்டு வைப்பான் என்று கடவுளுக்கே தெரியாது, ராத்திரியில் ஒரு பொம்பளைப் பிள்ளை இறங்கி முள்ளுக்காட்டுப் பக்கம் போக முடியாது. எல்லாம் எனக்குத் தெரியும். ஆம்பிளைகள் நாங்கள் எப்படியோ ஓட்டிவிட்டோம். இப்படி ஒரு கஷ்டம் அந்த வேலையில் இருக்கிறது என்பதே நீ சேர்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. புது இன்ஜின்களில் கழிப்பிடம் வைத்து வருகிறார்கள் என்று பேப்பரில் போடுகிறான். உனக்கு வருகிற இன்ஜின் எதுவோ. அதற்காகத் தொண்டையைக் காயப்போடுவது வழி இல்லை கண்ணு. இன்னும் மூன்று மாசத்தில் ராமகுண்டம் பக்கம் வெயில் என்ன அடிக்கும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எனக்குக் கல் எடுத்த வருஷம் ஞாபகம் இருக்கும். டாக்டர் கேட்ட முதல் கேள்வியே "என்ன வேலை பார்க்கறீங்க?" என்பதுதான். சொன்னதும் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை, ஸ்கேனுக்கு எழுதிவிட்டார்.

இங்கே காலிங்கராயனில் தண்ணி போகிறது. மஞ்சள் வெட்டு ஆரம்பித்துவிட்டது. பெரியப்பா காட்டில் ஆள் கிடைக்காமல் திண்டாட்டம். காலனியில் நம் பழைய குவார்ட்டர்ஸை இடித்துவிட்டார்கள், வேப்பமரத்தை மட்டும் விட்டு வைத்திருக்கிறார்கள். வேறு விசேஷம் இல்லை.

உன் வேலையைப் பற்றி எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் நான் உன்னைப்போல் அசிஸ்டென்ட் டிரைவராக இருந்தது இருபத்தைந்து வயசில், உடம்பில் எந்தக் கோளாறும் இல்லாத காலத்தில். 58 வேகன் ரேக் ஒன்று நடுக்காட்டில் நின்றால் டிரைவர் கேபில் இருப்பார், இறங்கி நடப்பது அசிஸ்டென்ட்தான். கையில் டார்ச், காலடியில் ஜல்லி. ஒவ்வொரு வேகனாகக் குனிந்து ஹோஸ் பைப் பார்த்து, ஏர் எங்கே போகிறது என்று காது கொடுத்துக் கேட்டு, கடைசி வண்டி வரைக்கும் போய்த் திரும்பி வரவேண்டும். வண்டியை ஓரிடத்தில் நிறுத்தி ஸ்டேபிள் பண்ணினால் ஹேண்ட் பிரேக் போடணும். துருப்பிடித்த அந்தச் சக்கரத்தை, ஒரு காலை அண்டைக் கொடுத்து, அடிவயிற்றிலிருந்து மூச்சுப் பிடித்துத்தான் திருப்ப முடியும். எனக்கே இரண்டு நாள் இடுப்பு பிடித்துக்கொள்ளும். அந்தச் சக்கரத்தை இப்போது நீ திருப்புகிறாய் என்று நினைத்தால் சில நாள் பெருமையாக இருக்கிறது, சில நாள் தூக்கம் வருவதில்லை. இந்த மாசம் தூக்கம் வராத மாசம்.

ரெஸ்ட் முழுசாக எடுக்கிறாயா? எட்டு மணி நேரத்துக்கு மேல் டியூட்டி பார்த்தால் ஹெட்குவார்ட்டர்ஸில் பதினாறு மணி நேரம் ரெஸ்ட். அதற்குள் கூப்பிட்டால் வரமாட்டேன் என்று சொல்ல உனக்கு உரிமை இருக்கிறது. "ஆள் இல்லைம்மா, இன்னைக்கு ஒரு நாள் மட்டும்" என்பார்கள். டியூட்டி போடுகிற எல்லா லாபியிலும் அந்த ஒரு நாள் தினமும் வரும். இரண்டு வாரத்துக்கு 104 மணி நேரம் என்று கணக்கு எழுதி வைத்திருக்கிறார்கள். 2023இல் நாராயணமூர்த்தி வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்கச் சொன்னார் என்று டிவியில் பெரிய விவாதம் நடந்தபோது நாங்கள் பென்ஷனர்கள் டீக்கடையில் சிரித்துக்கொண்டிருந்தோம். ராத்திரி ஒரு மணிக்கு கால் பாய் வந்து கதவைத் தட்டி, கையெழுத்து வாங்கிக்கொண்டு போவானே, அந்தத் தட்டலில் தொட்டில் குழந்தையிலிருந்து அப்பாரு வரைக்கும் முழித்துக்கொள்வோம். அதையெல்லாம் எந்தக் கணக்கில் எழுதுவது?

அப்பாரு பேரை எடுத்தாயிற்று, சொல்லிவிடுகிறேன். ஒரு டியூட்டி பத்து மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது என்கிற பேச்சே 1973இல் இன்ஜின்காரர்கள் வேலையை நிறுத்தியதால் வந்தது. அந்த ஆகஸ்டில்தான் ரயில்வே மந்திரி எல்.என். மிஸ்ரா பார்லிமென்டில் ஒத்துக்கொண்டார். அதற்கு முன்னால் கரி அள்ளிப்போட்டுக்கொண்டு எத்தனை மணி நேரம் ஆனாலும் நிற்க வேண்டியதுதான். மறு வருஷம் மே மாசம் இருபது நாள் இந்தியா முழுக்க வண்டி நின்றது. அதில் அப்பாரு பட்டதும், உன் ஆத்தா வளையல் போனதும் உனக்கே தெரியும். அவ்வளவு கொடுத்து வாங்கியதை நீ "பரவால்லங்க சார், நான் போறேன்" என்று ஒரு வார்த்தையில் திருப்பிக் கொடுத்துவிடக் கூடாது. உன் குரல் எனக்குத் தெரியும். நீ அப்படித்தான் சொல்வாய். சின்னதிலிருந்தே அப்படித்தான்.

முதல் பெண் டிரைவர் சுரேகா யாதவ் 2023இல் சோலாப்பூரிலிருந்து மும்பைக்கு வந்தே பாரத் ஓட்டிக்கொண்டு போன படத்தை வெட்டி பீரோ கதவில் ஒட்டி வைத்தேனே, இன்னும் இருக்கிறது. அந்த அம்மா 2025 செப்டம்பரில் ரிட்டயர் ஆகிவிட்டார். முப்பத்தாறு வருஷ சர்வீஸ். அதைப் படித்துவிட்டு உன் அம்மா, "அந்தப் புள்ளைக்குக் கஷ்டம் வந்தப்ப யார்கிட்டச் சொல்லுச்சோ" என்றாள். நான் செய்தியைப் படித்தேன், அவள் வேறு எதையோ படித்திருக்கிறாள்.

பாப்பா, ஒன்று எழுதலாமா வேண்டாமா என்று ஒரு வாரமாக யோசிக்கிறேன். ஐப்பசியில் அம்மா சாமி படத்துக்குப் பின்னால் மஞ்சள் துணியில் ஒரு ரூபாய் முடிந்து வைத்தாள். எதற்கு என்றேன். "பெரிய மாரியம்மனுக்கு. உங்களுக்கு எதுக்கு அதெல்லாம்" என்றாள். முகத்தில் சிரிப்பு தாங்கவில்லை. பொங்கலுக்கு வெள்ளையடிக்கப் படங்களை இறக்கினோம். முடிச்சு அங்கேயே இருந்தது. எடுத்துத் தூசி தட்டி, பழையபடியே வைத்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றைக்குச் சமையலில் உப்பு இல்லை. பொங்கலுக்கு நீயும் வரவில்லை. நான் அவளையும் கேட்கவில்லை, உன்னையும் கேட்கவில்லை. கேட்கப் போவதும் இல்லை. அப்பன் கேட்கிற கேள்வி அது இல்லை.

அதனால் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். ரூல் புக்தான் எனக்குத் தெரியும்.

பிரசவ லீவு 180 நாள், முழுச் சம்பளம். சைல்டு கேர் லீவு மொத்த சர்வீஸில் 730 நாள். இன்னொரு லீவு 45 நாள், அதுவும் மொத்த சர்வீஸுக்கும் சேர்த்து. அது எதற்கு என்று இங்கே எழுதவில்லை, நீ எடுத்துப் பார்த்துக்கொள். டாக்டர் சர்ட்டிபிகேட் இருந்தால் போதும், யாரும் கருணை காட்டித் தருவதில்லை. உன் லீவு அக்கவுன்டிலும் கழிக்க மாட்டார்கள். பிறகு, உடம்புக்கு முடியாதபோது இன்ஜின் ஏறாத வேலை கேட்டு எழுதிக் கொடுக்கலாம். லாபியிலோ ஆபீஸிலோ உட்கார வைப்பார்கள். ஓடுகிற கிலோமீட்டருக்கு வருகிற மைலேஜ் காசு அடிபடும். அடிபடட்டும். வீட்டுக் கடனுக்குக் குறைவதை நான் போடுகிறேன். ரன்னிங் ஸ்டாஃப் என்று பேசிக்கில் 55 சதவீதம் சேர்த்துத்தானே எனக்குப் பென்ஷன் வருகிறது, நானும் அம்மாவும் அதில் எவ்வளவு சாப்பிட்டுவிடப் போகிறோம். மாப்பிள்ளையிடம் இதைச் சொல்லாதே, அவர் கூச்சப்படுவார்.

நீ இதையெல்லாம் கேட்காமல் இருப்பதற்குக் காரணம் உன் பிடிவாதம் என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். தீபாவளிக்கு வந்திருந்தாயே, மூன்று பழைய டிரைவர்கள் திண்ணையில் உட்கார்ந்திருந்தார்கள். பெண் பிள்ளைகளை எடுத்தால் லீவுதான் கேட்பார்கள், உடம்பு சரியில்லை என்று சிக்தான் போடுவார்கள் என்று ஒருவர் ஆரம்பித்தார். எனக்கு வந்த கோபத்தில், "என் பொண்ணு சேர்ந்த நாள்ல இருந்து ஒரு நாள் சிக் போட்டதில்ல, போய் விசாரிச்சுப் பாரு" என்றேன். நீ பலகாரத் தட்டை வைத்துக்கொண்டு வாசப்படியில் நின்றாய். சிரிப்பாய் என்று திரும்பிப் பார்த்தேன். தட்டை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாய். மறுநாளே டியூட்டி என்று கிளம்பினாய். தேதியை வைத்து இப்போது எண்ணிப் பார்க்கிறேன். அதற்கு மேல் எண்ண வேண்டாம் என்று நிறுத்திவிட்டேன்.

குரூப் 4 பாஸ் செய்து கவுன்சிலிங்குக்குக் கூப்பிட்டபோது அம்மா தாலுகா ஆபீஸ் போதும் என்றாள். காலையில் போனால் சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்துக்கு வீடு. இன்ஜினுக்குப் போகச் சொன்னது நான். அதைத் தப்பு என்று இப்போதும் சொல்ல மாட்டேன். நீ சிக்னலைப் பார்த்துக் குரல் கொடுக்கிற மாதிரி எங்கள் காலத்தில் பத்துப் பேர் கொடுத்திருக்க மாட்டார்கள், உன் டிரைவர் ஒருவர் என்னிடமே போனில் சொன்னார். ஆனால் திண்ணையில் சொன்ன அந்தப் பேச்சு வேண்டாத பேச்சு. நீ சிக் போட்டால் அப்பா தலை குனிந்துவிடும் என்று நினைக்கிறாயா? அந்த மூன்று பேரும் சர்வீஸில் போட்ட சிக்கை அடுக்கினால் ஒரு பீரோ போதாது. நானே எவ்வளவு போட்டிருக்கிறேன் என்று அம்மாவைக் கேள். மஞ்சள் காமாலை என்று சொல்லிவிட்டு உன் சின்ன மாமன் கல்யாணத்தில் பந்தி பரிமாறியவன் நான்.

மியூச்சுவல் டிரான்ஸ்பருக்கு, உன்னோடு இடம் மாற்றிக்கொள்ள ஆள் கிடைத்ததா? சேலம் டிவிஷனில் தெலுங்குப் பையன்கள் நிறையப் பேர் ஊருக்குப் போகக் காத்திருக்கிறார்கள். யூனியன் ஆபீஸில் உன் பேரைச் சொல்லி வைத்திருக்கிறேன். ஒருவனுக்கு வாரங்கல் பக்கம்தான் ஊராம், விசாரிக்கிறேன். சொந்த ரிக்வெஸ்டில் போட்டால் சீனியாரிட்டி அடிமட்டத்துக்குப் போய்விடும் என்று தயங்குகிறாய். நானும் போன வருஷம் அதையேதான் சொன்னேன், பொறு, லோகோ பைலட் ஆனபிறகு பார்க்கலாம் என்று. இப்போது சொல்கிறேன், போனால் போகட்டும். மாப்பிள்ளை கோயமுத்தூரில், நீ காசிப்பேட்டையில். வாரம் ஒருமுறை வீடியோவில் பார்த்துக்கொள்கிற குடித்தனம் எத்தனை நாளைக்கு ஓடும்? அவர் நல்ல மனுஷன், வாயைத் திறந்து கேட்க மாட்டார். அதனால்தான் கூடுதல் பயமாக இருக்கிறது. உன் அம்மாவும் அந்தக் காலத்தில் வாயைத் திறந்ததில்லை, நான் அதைச் சம்மதம் என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

தண்ணி குடி. இளநீர் கிடைத்தால் வாங்கிக் குடி. காலை டியூட்டி என்றால் ராத்திரியே வெந்தயம் ஊறப்போடு. பாட்டிலை டிராலி பேக்கில் அடியில் வைக்காதே, மேலே கை எட்டுகிற இடத்தில் வை.

அம்மா அங்கே வருகிறாள். நான் அனுப்பவில்லை, அவளாகவே சொன்னாள். இந்த வருஷத்து ரயில்வே பாஸில் ஒரு செட் மிச்சம் இருக்கிறது, அதில் கேரளா எக்ஸ்பிரஸில் போட்டிருக்கிறேன். ஈரோட்டில் ராத்திரி ஏறினால் மறுநாள் வாரங்கல். நானும் வரலாம்தான். நான் இருந்தால் நீங்கள் இரண்டு பேரும் பேச மாட்டீர்கள், மோர்க்குழம்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பீர்கள். அவள் ஒரு மாசமோ இரண்டு மாசமோ இருக்கட்டும். எனக்குச் சோறு வடிக்கத் தெரியும்.

திங்கள்கிழமை ஏறுகிறாள். செவ்வாய் உனக்கு டியூட்டி வந்தால் சாவியைப் பக்கத்துக் குவார்ட்டர்ஸில் கொடுத்துவிட்டுப் போ, அவளுக்குத் தெலுங்கு தெரியாது என்றும் சொல்லிவிட்டுப் போ. வாரங்கலில் இறங்கி ஆட்டோவுக்கு எவ்வளவு கேட்பான் என்று எனக்கு மெசேஜ் போடு, இவள் சொன்ன விலையைக் கொடுத்துவிடுவாள்.

அன்புடன்
அப்பா