கடாரத்தை ஏன் விட்டுவிட்டீர்கள்? தேக்கா பயண முகவர்களுக்கு ஒரு திறந்த மடல்

சிங்கப்பூரின் தேக்கா வட்டாரத்தில், சிராங்கூன் சாலையிலும் அதன் பக்கத்துச் சந்துகளிலும் கடை வைத்து நம் மக்களுக்குச் சுற்றுலா ஏற்பாடு செய்து தரும் பயண முகவர்கள் அனைவருக்கும் வணக்கம்.

உங்களில் பலருக்கு என் முகம் தெரிந்திருக்கும். ஊருக்கு டிக்கெட் எடுக்க, அம்மாவுக்கு விசா போட, நவக்கிரகக் கோயில்களுக்குப் போக என்று இருபது ஆண்டுகளாக உங்கள் கடைப் படிகளில் ஏறி இறங்குகிறவன். அந்த உரிமையில் எழுதுகிறேன். கொஞ்சம் கோபமும் இருக்கிறது, மறைக்கவில்லை.

எங்கள் வீட்டில் ஐந்து பேர். அம்மாவுக்கு 73 வயது, முட்டிவலி. மகளுக்கு 14, கல்வெட்டு, பழைய காசு என்றால் சோறு தண்ணீர் வேண்டாம். மகனுக்கு 8, ஒரு வாளியும் மணலும் இருந்தால் பொழுது சாயும்வரை எழுந்திருக்க மாட்டான். மனைவிக்கு வேண்டியதெல்லாம் தினமும் பெட்டி கட்டாத ஒரு விடுமுறை. எனக்கு, ரசீதைப் பார்த்ததும் தலை சுற்றாமல் இருந்தால் போதும்.

இத்தனை பேரையும் ஒரே பயணத்தில் சமாதானப்படுத்த வேண்டுமென்றால் பழைய இடிபாடும் கடற்கரையும் அக்கம்பக்கத்தில் இருக்க வேண்டும். சிங்கப்பூரில் அதற்கு வழியில்லை. ஆற்று முகத்துவாரத்தில் எழுத்தோடு நின்ற நம் பழைய பாறையை 1843இல் வெடிவைத்துத் தகர்த்துவிட்டார்கள். மிஞ்சிய துண்டு தேசிய அரும்பொருளகத்தில் இருக்கிறது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று இன்றுவரை யாரும் முழுதாகப் படித்துச் சொல்லவில்லை. செந்தோசா கடற்கரையோ வெளியிலிருந்து கொண்டுவந்து கொட்டிய மணல். ஆகவே வெளியே போய்த்தான் ஆக வேண்டும். உங்களிடம் வந்துதான் ஆக வேண்டும்.

போன டிசம்பரில் வந்தோம். எந்தக் கடை என்று சொல்லப் போவதில்லை. 'வரலாறும் கடலும், ஆறே நாளில்' என்று துண்டுப் பிரசுரத்தில் போட்டிருந்தது. படத்தில் மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயில், பின்னால் பளிச்சென்று நீலவானம். நாங்கள் போய் இறங்கியபோது வானம் கறுத்துக் கிடந்தது. மதியம் 12 மணிக்கு வாசலில் இறக்கிவிட்டு, "நாற்பது நிமிஷம்தான், சீக்கிரம் வந்துடுங்க" என்றார் வழிகாட்டி. அம்மாவுக்குக் குடை பிடித்து உள்ளே அழைத்துப் போகவே பாதி நேரம் போயிற்று. மதிலின்மேல் உட்கார்ந்திருக்கும் நந்திகளை மகள் எண்ணி முடிப்பதற்குள் பேருந்து ஹாரன் அடித்துவிட்டது. ஐந்து ரதங்களைச் சன்னல் வழியாகப் பார்த்தோம். அப்புறம் மதுரை வரைக்கும் ஒரே ஓட்டம். மகன் வாளியை மடியில் வைத்துக்கொண்டே, "பீச் எப்போ வரும்?" என்று கேட்டான். "கோயிலுக்குப் பின்னாடியே இருந்துச்சே தம்பி, பார்க்கலையா?" என்றார் வழிகாட்டி.

அவரைக் குறை சொல்லமாட்டேன். அட்டவணை போட்டுக் கொடுத்தவர் இங்கே குளுகுளு அறையில் உட்கார்ந்திருந்தார். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை தமிழ்நாட்டுக் கரையில்தான் கொட்டும். தனுஷ்கோடியைக் கடல் கொண்டதும் 1964 டிசம்பர் புயலில்தான். நம் பிள்ளைகளுக்கு நீண்ட விடுமுறை வருவதோ நவம்பர் கடைசியிலும் டிசம்பரிலும். சரியாக அந்த ஆறு வாரத்துக்கு நீங்கள் மாமல்லபுரத்தை விற்கிறீர்கள். பாய்மரக் காலத்தில் காற்று எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்துத்தான் கப்பலை எடுத்தார்கள். நீங்கள் கல்வி அமைச்சின் நாட்காட்டியை மட்டும் பார்க்கிறீர்கள்.

மாமல்லபுரமே வேண்டாம் என்பதல்ல. அதை மார்ச் மாத ஒரு வார விடுமுறைக்கு வையுங்கள். சென்னை விமான நிலையத்திலிருந்து ஐம்பது சொச்சம் கிலோமீட்டர், நகருக்குள் நுழையாமலே போய்விடலாம். நாலு இரவும் அங்கேயே தங்கட்டும். ராஜசிம்ம பல்லவன் காலத்துக் கடற்கரைக் கோயிலைக் காலை வெயிலில் பார்க்க வேண்டும், உச்சி வெயிலில் அல்ல. 2004 சுனாமி மணலை வாரிக்கொண்டு போனபோது வெளியே தெரிந்த செதுக்குப் பாறைகளையும் பிள்ளைகளுக்குக் காட்டலாம். ஆனால் அந்தக் கடலில் இழுப்பு அதிகம், கால் நனைப்பதோடு சரி. அதைப் பிரசுரத்திலேயே எழுதிவிடுங்கள். ஜாவாவின் பிரம்பனான் கோயிலோடு சேர்த்து நீங்கள் விற்கும் பராங்திரித்திஸ் கடற்கரைக்கும் இதே எச்சரிக்கை வேண்டும்; படத்தில் அழகாக இருக்கிறது என்று பிள்ளையை இறக்கிவிடக்கூடிய கடல் இல்லை அது.

ஜூனுக்கு வியட்நாமில் டானாங். விமானத்தில் மூன்று மணி நேரம்கூட ஆகாது, மழையும் அப்போது இருக்காது. அங்கிருந்து எழுபது கிலோமீட்டரில் மீ சோன்: சாம்பா அரசர்கள் நூற்றாண்டு நூற்றாண்டாகக் கட்டிய செங்கல் சிவன் கோயில்கள். 1969இல் அமெரிக்கக் குண்டு விழுந்து பெரிய கோபுரம் ஒன்று சரிந்தது. 2020இல் இந்தியத் தொல்லியலாளர்கள் சீரமைப்பு வேலையின்போது ஒரே கல்லில் ஆன சிவலிங்கம் ஒன்றைக் கண்டெடுத்தார்கள். வாசலிலிருந்து கோயில் பக்கம்வரை மின்வண்டி ஓடுகிறது, அம்மா மாதிரி ஆட்களுக்குச் சிரமமில்லை. விடியற்காலையிலேயே போய்விட்டு, வெயில் ஏறுமுன் திரும்பி, மாலையில் மீ கே கடற்கரை. இதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, உங்களில் சிலர் ஏற்கெனவே நன்றாகச் செய்கிறீர்கள்.

நான் எழுத உட்கார்ந்தது டிசம்பரைப் பற்றி.

டிசம்பரில் மலேசியாவின் கிழக்குக் கரையும் ஆகாது, தியோமான் பக்கமெல்லாம் கடல் கொந்தளிக்கும். மேற்குக் கரை அப்படியல்ல. மாதம் பாதி கடந்ததும் பினாங்கிலும் லங்காவியிலும் வெயில் அடிக்கத் தொடங்கிவிடும். லங்காவியை நீங்கள் விற்காமல் இல்லை: கழுகுச் சிலை, கேபிள் கார், வரியில்லாத சாக்லேட். ஆனால் எதிர்க்கரையில் கெடா மாநிலத்தின் மெர்போக்கில் பூஜாங் பள்ளத்தாக்கு இருக்கிறது. கடாரம் ஐயா, கடாரம்! ராஜேந்திரன் 1025இல் கப்பற்படை அனுப்பிய இடம், தஞ்சைப் பெரிய கோயில் சுவரில் பெயர் பொறித்த இடம். 'கடாரம் கொண்டான்' என்று மேடைக்கு மேடை பேசுகிறோம். ஆயிரம் ஆண்டு ஆகிவிட்டது. தேக்காவில் நான் ஏறி இறங்கிய கடைகளில் ஒன்றில்கூட அந்தப் பெயரில் ஒரு பிரசுரம் இல்லை.

என் அம்மா நாகப்பட்டினத்துக்காரர். கல்யாணமான கையோடு 1972இல் ரஜூலா கப்பலில் ஏறி இங்கே வந்தார். கப்பல் பினாங்கில் நின்றபோது வாந்தியும் மயக்கமுமாகக் கிடந்ததால் தலைதூக்கிக்கூடப் பார்க்கவில்லையாம். மகள் ஒருநாள் பாடப்புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே அவரிடம், "அப்பாயி, உங்க ஊர்ல கடாரத்து ராஜா புத்த விகாரம் கட்டினாராம், ராஜராஜன் அதுக்கு ஆனைமங்கலம் கிராமத்தையே எழுதிக் கொடுத்தாராம்" என்றாள். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அவுக நம்ம ஊருக்கு வந்துட்டாக. நாம இன்னும் அவுக ஊருக்குப் போகலியே" என்றார். அதற்குப் பதிலாகத்தான் இந்த மடல்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தஞ்சாவூரை எதிர்பார்த்து அங்கே போனால் ஏமாற்றம்தான். கோபுரம் கிடையாது. புக்கிட் பத்து பஹாட் குன்றில் நிற்பது கருங்கல் அடித்தளம்: விமானத்துக்கு ஒன்று, மண்டபத்துக்கு ஒன்று. தூண் நின்ற கல் பீடங்கள் மட்டும் இருக்கின்றன. மேலே இருந்த மரக்கூரை எப்போதோ மக்கிப் போயிற்று. 1930களில் தொல்லியலாளர்களான குவாரிட்ச் வேல்ஸ் தம்பதியர் தோண்டிப் பார்த்தார்கள், பிறகு அலஸ்டேர் லாம்ப் சீர்செய்து நிறுத்தினார். வேறு இடங்களில் கிடைத்த சில கோயில்களைக் கல்கல்லாகக் கொண்டுவந்து அடிவாரத்து அரும்பொருளக வளாகத்தில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். இவற்றை அங்கே 'சண்டி' என்கிறார்கள். என் மகன் அதைக் கேட்டதும், "சண்டித்தனம் பண்ற சண்டியா?" என்றான்.

இடம் இப்படி என்பதால்தான் நல்ல வழிகாட்டி வேண்டும். கல்லைக் காட்டி, "இது பழசு" என்று சொல்கிறவர் வேண்டாம். பின்னால் நிற்கும் ஜெராய் மலை 1,217 மீட்டர். வங்கக் கடலைத் தாண்டி வந்த மாலுமிக்குக் கரையைக் காட்டிக் கொடுத்தது அந்த மலை. இரும்பு உருக்கிய உலைகள் சுங்கை பத்துவில் வரிசையாகக் கிடைத்திருக்கின்றன. வணிகர்கள் ஏன் இங்கே வந்தார்கள், காற்று மாறும்வரை ஏன் காத்திருந்தார்கள் என்று சொல்லத் தெரிந்தவரைப் பிடியுங்கள். சுங்கைப் பட்டாணியில் தோட்டப்புறத்துத் தமிழ்க் குடும்பங்கள் எத்தனையோ இருக்கின்றன, ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கிடைக்கமாட்டாரா? ஒரு வேண்டுகோள்: 'சோழன் கட்டிய கோயில்' என்று பிரசுரத்தில் அடித்துவிடாதீர்கள். சோழப் படை வருவதற்குப் பல நூற்றாண்டு முன்பே அங்கே பௌத்தம் இருந்தது. இருப்பதைச் சொன்னாலே போதுமான பெருமை உண்டு.

சீக்கிரம் செய்யுங்கள் என்பதற்கும் காரணம் இருக்கிறது. 2013இல் வீட்டுமனைக்காக நிலத்தைச் சமன் செய்தபோது அந்தப் பள்ளத்தாக்கின் சண்டி ஒன்றை இயந்திரத்தால் இடித்தே விட்டார்கள். ஆள் வராத இடம் என்றால் யாருக்கும் கை துணியும்.

நான் போட்டு வைத்திருக்கும் கணக்கு இதுதான். இங்கிருந்து பினாங்குக்கு விமானம், ஒன்றரை மணி நேரம். காரில் ஏழு நூறு கிலோமீட்டர் போகலாம் என்று மச்சான் சொல்கிறான். அம்மாவின் முட்டியை வைத்துக்கொண்டு அது நடக்காது. பாலத்தைத் தாண்டிச் சுங்கைப் பட்டாணியில் இரண்டு இரவு. இட்லிக்கும் சாம்பாருக்கும் அங்கே பஞ்சமில்லை. மறுநாள் காலை மெர்போக். பிள்ளைகள் குன்று ஏறட்டும், அம்மா கீழே அரும்பொருளகத்தையும் பக்கத்துச் சண்டிகளையும் நிதானமாகப் பார்ப்பார். மாலையில் தஞ்சோங் டாவாயில் படகு ஏறி, ஆற்று முகத்துவாரத்தைக் கடந்து பந்தாய் மெர்டேக்கா. அன்றைக்கே மகனின் வாளிக்கு வேலை வந்துவிடும். அடுத்த நாள் கோலா கெடாவிலிருந்து படகில் லங்காவி. செனாங் கடற்கரையில் மூன்று இரவு. அங்கிருந்தே நேராகச் சிங்கப்பூர். பெட்டியை ஒரே ஒருமுறைதான் மாற்றிக் கட்ட வேண்டும். மனைவி இதைக் கேட்டதும் முதல் ஆளாகக் கைதூக்கினாள்.

இரண்டு விஷயம் மறந்துவிடாதீர்கள். கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். மெர்போக் போகும் நாளை வெள்ளிக்கிழமையில் வைத்தால் மதியத்தில் பல இடங்கள் மூடியிருக்கும். அப்புறம், லங்காவிக் கடலில் சில நேரம் சொறிமீன் வரும். விடுதியில் விசாரிக்காமல் பிள்ளைகளை இறக்கக்கூடாது என்று பயணக் குறிப்பில் ஒரு வரி போடுங்கள்.

நாங்கள் ஐந்து பேர். கீழ்த் தளத்து வீட்டுக்காரர் குடும்பம் நாலு பேர், கேட்டதும் வருகிறோம் என்கிறார்கள். டிசம்பர் மூன்றாவது வாரம். வேன் ஒன்று, தமிழ் பேசும் வழிகாட்டி ஒருவர், அம்மாவுக்குத் தரைத்தளத்தில் அறை. எத்தனை சிங்கப்பூர் வெள்ளி ஆகும் என்று எழுதி வையுங்கள். அடுத்த ஞாயிறு தேக்கா சந்தைக்கு மீன் வாங்க வரும்போது கடைக்கு வருகிறேன். அம்மாவும் கூட வருவார். பேரம் அவர்தான் பேசுவார், இப்போதே சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு,
ஈசூனிலிருந்து உங்கள் பழைய வாடிக்கையாளன்