எந்தத் தசை, எத்தனை நாள், எத்தனை கிலோ?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கால்நடை மரபியலையும் இறைச்சித் தரத்தையும் இணைத்து ஆராயும் விஞ்ஞானி ஒருவரைப் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தோம். அதிகம் பேசப்படாத துறை; எழுதியதற்கு நன்றி. ஆனால் ‘மென்மைக்கான மரபணு கிடைத்துவிட்டது, இனி ரத்தப் பரிசோதனையிலேயே கறியின் பதம் தெரிந்துவிடும்’ என்ற தொனியை ஏற்க முடியவில்லை.

அறுத்த சில மணி நேரத்தில் தசை விறைத்துவிடும். பிறகு கால்பெய்ன் என்ற நொதி தசை நார்களை மெல்ல மெல்லத் துண்டித்துத் தளர்த்தும். கால்பாஸ்டாடின் என்ற புரதம் அந்த நொதியை வேலை செய்ய விடாது. திமில் உள்ள மாட்டினங்களின் கறி சற்று அழுத்தமாக இருப்பதற்கு இந்தப் புரதம் மிகுந்திருப்பது ஒரு முக்கியக் காரணம். இவ்விரண்டின் மரபணுக்களுக்கும் பரிசோதனைகள் வந்துவிட்டன. ஆனாலும் மென்மையில் விலங்குக்கு விலங்கு காணும் வேறுபாட்டில் பரம்பரையின் பங்கு பொதுவாகக் கால்வாசி அளவுதான். மீதியெல்லாம் வயது, தீவனம், வண்டியில் ஏற்றி இறக்கிய விதம், அறுத்த பின் குளிரவைத்த விதம்.

கலிபிஜ் செம்மறியின் கதை இதற்குப் பொருத்தம். 1983-இல் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் பிறந்த டார்செட் என்ற செம்மறி இனத்தைச் சேர்ந்த ஒரு கிடாவிடமிருந்து பரவிய மரபணு மாற்றம் அது. பின்தொடை உருண்டு திரண்டிருக்கும், கொழுப்பும் குறைவு. தந்தை வழியாக மட்டும் வந்த குட்டியில்தான் அது தெரியும். தாயிடமிருந்தும் சேர்ந்து வந்துவிட்டால் குட்டி சாதாரணமாகவே இருக்கும். வளர்ப்பவருக்கு லாபம்தான். ஆனால் முதுகுக்கறி மெல்ல முடியாத அளவுக்குக் கடினம். காரணம் அதே கால்பாஸ்டாடின். எடையையும் தசையையும் மட்டும் அளந்து கிடாவைத் தேர்ந்தெடுத்தால் இப்படித்தான் முடியும்.

ஆகவே மென்மையை நேரடியாக அளந்தாக வேண்டும். அங்கேதான் பல ஆய்வுகள் சறுக்குகின்றன. முதுகுத் தசையில் 2.5 செ.மீ. தடிமனுக்கு ஒரு துண்டு வெட்டி, நடுப்பகுதி 71 டிகிரி செல்சியஸ் எட்டும்வரை வேகவைத்து, ஆறவைத்து, நார் ஓடும் திசையிலேயே 1.27 செ.மீ. விட்டமுள்ள உருளைகளைத் துளைத்தெடுக்க வேண்டும். குறைந்தது ஆறு உருளைகளாவது வேண்டும். வார்னர்-பிராட்ஸ்லர் கருவியின் தகடு அவற்றை நாருக்குக் குறுக்கே வெட்டும். அதற்குத் தேவைப்படும் விசைதான் (வெட்டுவிசை, கிலோவில்) கணக்கு. உருளை நாருக்குச் சாய்வாக வந்துவிட்டாலோ, நடுவில் சவ்வு மாட்டிக்கொண்டாலோ அந்த எண்ணால் பயனில்லை. ஒரு துண்டை மூன்றாம் நாளும் இன்னொன்றை பதினான்காம் நாளும் வெட்டிவிட்டு இரண்டையும் ஒப்பிடுவதும் வீண்.

இதைவிட ஏமாற்றுவது குளிரூட்டல். அறுத்த பின் தசையில் அமிலம் ஏற ஏற அதன் அமில-காரக் குறியீடு (பி.எச்.) இறங்கும்; அது 6-க்குக் கீழே இறங்குமுன் வெப்பநிலை 10 டிகிரிக்குக் கீழே போனால் தசை சுருங்கி இறுகிவிடும்; பிறகு எத்தனை நாள் வைத்திருந்தாலும் அந்த இறுக்கம் சரிவர நீங்காது. ஆட்டுடல் சிறியது, மேலே கொழுப்பும் மெல்லியது என்பதால் சீக்கிரமே குளிர்ந்துவிடும். கொழுத்த ஆடு மெதுவாகக் குளிர்ந்து மிருதுவான கறி தரும், மெலிந்தது ரப்பராகும். இந்தப் புள்ளிவிவரத்தை அப்படியே மரபணு ஆய்வில் போட்டால், கொழுப்பைக் கூட்டும் மரபணு ‘மென்மை மரபணு’ என்ற பெயரில் வெளிவந்துவிடும்! ஒரே நாளில், ஒரே கூடத்தில் அறுத்தவற்றைத் தனிக் குழுவாக வைத்து ஒப்பிடுவதும், கொழுப்பின் தடிமனைக் குறித்து வைப்பதும் இதற்காகத்தான்.

மரபணுப் பரிசோதனை தனியாகவே கைகொடுத்த இடமும் உண்டு. பன்றிகளின் ஹாலோத்தேன் மரபணு அப்படிப்பட்டது. 1991-இல் அடையாளம் கண்ட, டி.என்.ஏ.வின் ஒற்றை எழுத்து மாறிய இந்த மாற்றம் இருந்தால், மிரண்ட பன்றியின் தசையில், சூடு ஆறுமுன்பே அமிலம் ஏறிவிடும். 45 நிமிடத்திலேயே பி.எச். 6-க்குக் கீழே போய், கறி வெளிறி, நீர் வடிந்து, தொளதொளவென்றாகும். காரணம் ஒரே மரபணு என்பதால் அதைச் சுமக்கும் பன்றிகளைக் கண்டறிந்து இனப்பெருக்கத்திலிருந்து விலக்கிவிடலாம். மென்மை அப்படியல்ல, பல மரபணுக்கள் ஆளுக்குக் கொஞ்சமாகக் கூடிச் செய்யும் வேலை அது.

அடுத்த முறை இப்படியொரு ஆய்வு முடிவை வெளியிடும்போது எந்தத் தசை, அறுத்து எத்தனை நாள் கழித்து, வெட்டுவிசை எத்தனை கிலோ, எத்தனை விலங்குகள், அவை எத்தனை கிடாக்களின் வாரிசுகள் என்ற விவரங்களையும் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
இறைச்சி அறிவியல் துறை வாசகர்கள்