ஸ்லாபுக்கு ஏழு நாள் என்று யார் சொன்னது?

அன்புள்ள தங்கச்சிக்கு,

நீ அனுப்பிய மினி ப்ராஜெக்ட் ஷெட்யூலைப் பார்த்தேன். தரைத்தளமும் மேலே மூன்று மாடியுமாக ஒரு மாணவர் விடுதி. லாஜிக்கில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஃபார்வர்ட் பாஸ், பேக்வர்ட் பாஸ், ஃப்ளோட் எல்லாம் சரி. ஒரு நாள் தள்ளினாலும் மொத்த வேலையும் தள்ளிப்போகிற அந்த கிரிட்டிக்கல் பாத் சிவப்பில் பளிச்சென்று இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு மாடியிலும் 'ரூஃப் ஸ்லாப் - 7 நாள்' என்று போட்டிருக்கிறாயே, அந்த ஏழு எங்கிருந்து வந்தது?

கன்ஸ்ட்ரக்‌ஷன் மேனேஜ்மென்ட் படிக்கிற எல்லோருக்கும் வருகிற பழக்கம்தான் இது. கேள்வித்தாளே கால அளவைக் கொடுத்துவிடும், நாம் கூட்டிக் கழித்தால் போதும். சைட்டில் அதை யாரும் கொடுக்க மாட்டார்கள். வேலை அளவையும் ஆள் கணக்கையும் வைத்து நீயேதான் கண்டுபிடிக்க வேண்டும். அடுத்த மாதம் ஆறு வார இன்டர்ன்ஷிப் போகிறாய் அல்லவா, அதற்கு முன் இந்த ஏழு நாளை ஒருமுறை பிரித்துப் பார்த்துவிடுவோம்.

உன் வரைபடத்தில் ஒரு மாடி 220 சதுர மீட்டர். ஸ்லாப் கனம் 125 மி.மீ. ஆக, ஸ்லாபுக்கு 27.5 கன மீட்டர், பீம்களுக்கு ஏறக்குறைய 12.5, மொத்தம் 40 கன மீட்டர் கான்கிரீட். பீம் பக்கம், பீம் அடி, ஸ்லாப் அடி எல்லாம் சேர்த்துச் சென்ட்ரிங் (கான்கிரீட்டைத் தாங்கும் பலகை) பரப்பு 330 சதுர மீட்டர். ஒரு கார்பெண்டரும் ஒரு ஹெல்ப்பரும் சேர்ந்து நாளைக்கு 10 சதுர மீட்டர் அடிப்பதாக வைத்துக்கொள். 33 ஜோடி நாள். ஐந்து ஜோடி இருந்தால் ஏழு நாள், அதுவும் சென்ட்ரிங்குக்கு மட்டும்! கம்பி, கன மீட்டருக்கு 90 கிலோ என்றால் 3.6 டன். ஒரு ஜோடி வெட்டி, வளைத்து, கட்டி முடிப்பது நாளைக்கு 200 கிலோ என்றால் 18 ஜோடி நாள். நான்கு ஜோடி போட்டால் ஐந்து நாள். சென்ட்ரிங் முழுதாக முடியும்வரை கம்பி காத்திருக்க வேண்டாம். ஆறாம் நாள் ஒரு பக்கத்திலிருந்து தொடங்கினால் பத்தாம் நாள் முடியும். எலெக்ட்ரிகல் பைப்பும் செக்கிங்கும் பதினொன்றாம் நாள், கான்கிரீட் பன்னிரண்டாம் நாள். அதற்கு முன்னால் தூண் (காலம்) வேலைக்கு நான்கு நாள். ஒரு மாடிக்கு 16 நாள். தூண் நான்கும் ஸ்லாப் ஏழுமாக 11 நாள் என்பது உன் கணக்கு. மாடிக்கு ஐந்து நாளாக, நான்கு ஸ்லாபுக்கு 20 நாள் காணாமல் போயிருக்கிறது.

10 சதுர மீட்டரும் 200 கிலோவும் நான் வைத்த எண்கள். அவற்றையும் நம்பாதே. உன் சைட்டில் அது 7 ஆகவும் இருக்கலாம், 13 ஆகவும் இருக்கலாம். அளந்து பார்ப்பதுதான் இன்டர்ன்ஷிப்பில் உனக்கு முதல் வேலை.

அடுத்தது, ஷெட்யூலில் நீ காட்டாமலே விட்ட ஒரு பொருள்: பலகையைக் கீழிருந்து தாங்கும் முட்டு. ஜாக்கி என்றாலும் அதுதான். கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456 சொல்கிற, சென்ட்ரிங் பிரிக்கும் காலத்தை வகுப்பில் மனப்பாடம் செய்திருப்பாய். பக்கப்பலகை 16 முதல் 24 மணி நேரம். ஸ்லாப் அடிப்பலகை 3 நாள், பீம் அடிப்பலகை 7 நாள், இரண்டிலும் முட்டுகளை உடனே திரும்ப வைக்க வேண்டும். ஸ்லாப் முட்டு 4.5 மீட்டர் ஸ்பான் (தாங்கிகளுக்கு இடையிலான தூரம்) வரை 7 நாள், அதற்கு மேல் 14. பீம் முட்டு 6 மீட்டர் வரை 14 நாள், அதற்கு மேல் 21. இதெல்லாம் ஓ.பி.சி. என்கிற சாதாரண போர்ட்லேண்ட் சிமென்டுக்கு. நம் ஊர்க் கடைகளில் பெரும்பாலும் கிடைப்பது பி.பி.சி., அதாவது போசோலானா கலந்த சிமென்ட். அதற்கு மத்தியப் பொதுப்பணித் துறையின் வரையறை இந்தக் காலங்களை 10/7 மடங்காக்கச் சொல்கிறது. 14 நாள் 20 நாளாகிறது. மேஸ்திரி வந்து, "ஏழு நாள் ஆச்சு, பிரிச்சுடலாமா மேடம்?" என்று கேட்டால் உடனே தலையாட்டாதே. எந்த முட்டு, எவ்வளவு ஸ்பான், என்ன சிமென்ட் என்று மூன்றையும் கேட்டுவிட்டுப் பதில் சொல்.

காலம் கடந்தாலும் கதை முடியவில்லை. அந்த அட்டவணை, ஸ்லாப் தன்னைத் தானே தாங்குவதற்கானது. நாம் இப்போது போட்ட கணக்குப்படி பதினாறாம் நாள் மேல் மாடியில் பச்சைக் கான்கிரீட் விழும். 125 மி.மீ. கான்கிரீட்டே சதுர மீட்டருக்கு 3 கிலோநியூட்டனுக்கு மேல். பலகை, ஜாக்கி, ஆள், வைப்ரேட்டர் எல்லாம் சேர்ந்தால் 5-ஐத் தாண்டும். அத்தனையும் ஜாக்கி வழியாகக் கீழ் ஸ்லாபில் இறங்கும். விடுதி அறைக்கு டிசைனர் எடுத்திருக்கும் லைவ் லோட் (ஆள், சாமான் எடை) 2 கிலோநியூட்டன்தான். தளப் பூச்சுக்கு இன்னும் ஒன்று, ஒன்றரை. கீழே முட்டு இல்லாமல் அந்த ஸ்லாப் மட்டும் தாங்குவது நியாயமில்லை. எனவே எந்த நேரத்திலும் இரண்டு மாடிக்கு முட்டு நிற்க வேண்டும். ஜாக்கி இரண்டு செட், பீம் அடிப்பலகை இரண்டு செட். ஸ்லாப் ஷீட்டை மட்டும் ஒரு செட்டில் சமாளிக்கலாம், அதுவும் ஐந்தாம் நாள் கழற்றி மேலே ஏற்ற முடிந்தால்.

இந்த 'கழற்றி, முட்டுகளைத் திரும்ப வைப்பது' என்பதில்தான் பல ஸ்லாபுகள் தொய்கின்றன. ஆட்கள் அறை முழுவதையும் ஒரேயடியாகப் பிரித்துவிட்டு, மாலையில் நான்கு ஜாக்கியைச் சம்பிரதாயத்துக்கு நிறுத்துவார்கள். அதற்குள் ஸ்லாப் வளைய வேண்டிய அளவு வளைந்திருக்கும். ஒரு வரிசை பிரித்தவுடன் அந்த வரிசையில் முட்டு நிற்க வேண்டும், பிறகே அடுத்த வரிசை. கான்ட்ராக்டரிடம் ஒன்றரை செட் ஜாக்கிதான் இருக்கிறது என்றால் உன் சிவப்புக் கோடு அத்தனையும் பொய். வேலையின் வேகத்தை நிர்ணயிப்பது அந்த ஜாக்கி எண்ணிக்கைதான். முதல் நாளே ஸ்டோருக்குப் போய் எண்ணிவிடு.

இனி க்யூப், கான்கிரீட்டின் வலிமையைச் சோதிக்க வார்க்கும் கன சதுரக் கட்டி. 40 கன மீட்டருக்கு ஐ.எஸ். 456 கேட்பது நான்கு சாம்பிள், சாம்பிளுக்கு மூன்று க்யூப், ஆக 28 நாள் சோதனைக்கு மட்டும் 12. ஏழாம் நாளும் பார்க்க வேண்டுமானால் தனியாக இன்னும் 12. பல சைட்டுகளில் கான்கிரீட் கொண்டுவரும் முதல் லாரியிலேயே ஆறு க்யூபை நிரப்பிவிட்டு மோல்டை மூடிவிடுவார்கள். 6 கன மீட்டர் லாரி என்றால் ஏழு லாரி வரும். போக்குவரத்தில் மாட்டி, ட்ரம்மில் தண்ணீர் விட்டுக் கொட்டியது ஐந்தாவது லாரியாகவும் இருக்கலாம், அதற்கு க்யூபே இருக்காது. பேட்ச் ஸ்லிப்பில் ஏற்றிய நேரம் இருக்கும், இரண்டு மணி நேரத்துக்குள் கொட்டி முடித்தார்களா என்று பார். மோல்டில் மூன்று அடுக்கு, அடுக்குக்கு 35 குத்து. ஆறிய க்யூபைத் தூக்கிப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். 150 மி.மீ. க்யூப் 8.1 கிலோ அளவில் இருக்க வேண்டும். ஏழரைக்கு இறங்கினால் உள்ளே ஓட்டை.

லேபில் எம் 25 (சதுர மி.மீ.க்கு 25 நியூட்டன் தாங்க வேண்டிய கான்கிரீட்) க்யூப் 562.5 கிலோநியூட்டனைத் தாங்க வேண்டும் (22,500 சதுர மி.மீ. பெருக்கல் 25). லோடு ஏற்றும் வேகம் நிமிடத்துக்கு 315 கிலோநியூட்டன், அதாவது ஏறக்குறைய இரண்டு நிமிடத்தில் முடிகிற சோதனை. அரை நிமிடத்தில் உடைத்தால் முடிவு கூடுதலாகக் காட்டும். கரண்டியால் தேய்த்த முகம் பக்கவாட்டில் இருக்க வேண்டும், மேலே இருக்கக் கூடாது.

ஒரு கணக்கு போட்டுப் பார். மூன்று க்யூப்: 27, 31, 22. சராசரி 26.67. எம் 25-ஐத் தாண்டிவிட்டது, சந்தோஷமாகப் 'பாஸ்' எழுதுவாய். எழுதாதே. எந்த க்யூபும் சராசரியிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் விலகக் கூடாது. இங்கே எல்லை 22.67 முதல் 30.67 வரை. 31, 22 இரண்டுமே வெளியே. இந்தச் சாம்பிள் செல்லாது. உன் பாடத்தில் புள்ளியியல் பேப்பர் வைத்திருப்பது இதற்காகத்தான், யாரும் அப்படிச் சொல்லித் தருவதில்லை.

கம்பிக்கு ஒரே ஓர் உதாரணம் போதும். பீம் 230-க்கு 450, நீளக் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங் 8 மி.மீ. வரைபடத்தில் கவர் (கம்பிக்கு வெளியே இருக்க வேண்டிய கான்கிரீட் கனம்) 30 என்று இருக்கும், பழக்கதோஷத்தில் 25 வைத்து பார் பெண்டிங் ஷெட்யூல் (கம்பி வெட்டி வளைக்கும் பட்டியல்) போடுவார்கள். 25 என்றால் ரிங்கின் வெளி அளவு 180-க்கு 400. சுற்று 1160, கொக்கி இரண்டுக்கு 160, வளைவுக் கழிவு 96, ஆக வெட்டு நீளம் 1224 மி.மீ. பன்னிரண்டு மீட்டர் கம்பியில் ஒன்பது ரிங், மிச்சம் 984 மி.மீ. துண்டு. 30 என்றால் வெட்டு நீளம் 1184. அதே கம்பியில் பத்து ரிங், மிச்சம் 160 மி.மீ.தான். 600 ரிங்குக்கு 67 கம்பி வேண்டியது 60-இல் முடிகிறது, 33 கிலோ மிச்சம். 25 போட்ட ரிங் கூண்டை உள்ளே இறக்கும்போது 30 மி.மீ. கவர் பிளாக் நுழையாது. கம்பி கட்டுகிறவர் அதைத் தட்டி எடுத்துவிட்டுப் போவார். கவர் போச்சு, கம்பியும் போச்சு. ஸ்கிராப் குவியலில் ஒரே நீளத்தில் துண்டுகள் கிடந்தால், யாரோ ஷெட்யூலை யோசிக்காமல் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

அளவெடுப்பு பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை, எம் புக் (அளவுப் புத்தகம்) எழுதுகிறவர் பக்கத்தில் இரண்டு நாள் உட்கார்ந்தால் வந்துவிடும். பூச்சு வேலையில் மட்டும் கவனம். 0.5 சதுர மீட்டர் வரை உள்ள திறப்புக்குக் கழிவு கிடையாது. 0.5 முதல் 3 வரை ஒரு முகம் மட்டும் கழிக்க வேண்டும், ஓரப் பூச்சைத் தனியாகச் சேர்க்கக் கூடாது. உன் விடுதியில் 1.2-க்கு 1.2 ஜன்னல் 60 இருக்கிறது. நீ இரண்டு முகமும் கழித்திருக்கிறாய். 86.4 சதுர மீட்டர் பில்லில் குறைவு. கான்ட்ராக்டர் சண்டைக்கு வருவார், நியாயம் அவர் பக்கம்.

காலண்டர். மென்பொருள் கொடுத்த வாரம் ஆறு நாள் காலண்டரை அப்படியே வைத்திருக்கிறாய். சென்னையில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. அதே சமயம் தீபாவளி. பீகார் ஆட்கள் இருந்தால் தீபாவளி முடிந்து ஆறாம் நாள் சத் பூஜை, அதற்கு ஊருக்குப் போனால் ரயில் பயணமும் சேர்த்து இரண்டு மூன்று வாரம் ஆகும். வங்காள ஆட்களுக்குத் துர்கா பூஜை. நம் ஆட்களுக்குப் பொங்கல். உன் ஷெட்யூலில் அஸ்திவாரம் தோண்டுவது நவம்பர் முதல் வாரம்! குழியில் மோட்டார் வைத்துத் தண்ணீர் இறைப்பதற்கு ஒரு ஆக்டிவிட்டி சேர்த்துக்கொள், இல்லாவிட்டால் தொடக்கத் தேதியை நகர்த்து.

டி.பி.ஆர். (அன்றாட வேலை முன்னேற்ற அறிக்கை) எழுதச் சொல்வார்கள், இன்டர்ன்களுக்குக் கிடைக்கிற முதல் வேலை அதுதான். 'இரண்டாம் மாடி சென்ட்ரிங் வேலை நடைபெறுகிறது' என்று எழுதினால் அதை யாரும் எதற்கும் பயன்படுத்த முடியாது. 'இரண்டாம் மாடி, பி முதல் சி கிரிட், சென்ட்ரிங் 38 சதுர மீட்டர், கார்பெண்டர் 5, ஹெல்ப்பர் 4, மழையால் 3 மணி முதல் 4.30 வரை நிறுத்தம், படிக்கட்டு வரைபடம் இன்னும் வரவில்லை' என்று எழுது. கடைசி இரண்டும் முக்கியம். ஆறு மாதம் கழித்துக் கால நீட்டிப்பு கேட்கும்போது, அன்றன்றைக்கு எழுதிய அந்த வரிதான் ஆதாரம். அரசு வேலைகளில் இதற்கென்றே ஹிண்ட்ரன்ஸ் ரெஜிஸ்டர் (தடைகளைக் குறிக்கும் பதிவேடு) இருக்கும், எடுத்துப் படித்துப் பார். ஒரு தாமதத்துக்கு எத்தனை பேர் எத்தனை விதமாகப் பெயர் வைக்கிறார்கள் என்று தெரியும்.

சேருவதற்கு முன் சைட்டில் பெண்களுக்குக் கழிப்பறை இருக்கிறதா என்று ஒரு போன் போட்டுக் கேட்டுக்கொள். கூச்சப்படாதே. சட்டப்படி அது கட்டாயம், இல்லையென்றால் உனக்கு மட்டுமல்ல, அங்கே இருக்கும் சித்தாள்களுக்கும் இல்லை. காலணி ஸ்டீல் டோ இருக்கட்டும். ஐந்து மீட்டர் டேப் சொந்தமாக வாங்கு. மேஸ்திரியை அண்ணே என்று கூப்பிடு. ஆனால் அவர் சொல்லும் அளவை டேப்பில் பார்த்த பிறகே எழுது.

அந்த 64 ஆக்டிவிட்டியையும் இப்போது திருத்திக்கொண்டு இருக்காதே. ஒரே ஒரு ஸ்லாபை, தூண் மார்க்கிங்கிலிருந்து கடைசி ஜாக்கி இறங்கும்வரை, நாள்வாரியாக ஆள் கணக்கோடு எழுதி எடுத்து வா. ஆறு வாரம் அதற்குச் சரியாக இருக்கும். அதை வைத்து மீதி மூன்று ஸ்லாபையும் சேர்ந்து போடலாம்.

அன்புடன்,
அண்ணன்